ஓரம் வெட்டிய புத்தகம்

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். “நிச்சயதார்த்தத்துக்கு முத்தியால்பேட்டைக்கு வருவீங்களா, மாட்டீங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்கப்பா” என்றாய். ஒரே வார்த்தையில் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு சில நாள் உன் அம்மா எனக்குச் சோறு போட்டாள், ஆனால் பேசவில்லை. மறுநாள் சங்கரா மீன் குழம்பில் எனக்கு வால் துண்டாகப் பார்த்து வைத்தாள். நம் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை உறையில் போட்டு உனக்கு அனுப்பப் போவதில்லை. மரக்காணம் வாசகர் வட்டம் வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறது. “சுதந்திரம், பிரிவினை பற்றி நீங்க படிச்ச புத்தகங்களைப் பத்தி எழுதிக் குடுங்க” என்று அவர்கள் என்னைக் கேட்டு ரொம்ப நாளாகிறது. இதையே கொடுத்துவிடப் போகிறேன். உறையில் வந்தால் நீ மட்டும் படிப்பாய். மலரில் வந்தால் ராஜமாணிக்கமும் படிப்பான். உனக்குப் பெண் கொடுக்கப் போகிற அந்த மனிதனோடு நான் பேசுவதில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் நான் எழுதியதை அவன் படிக்கக் கூடாது என்று எங்கேயும் சொன்னதில்லை. நான் ஏன் அவன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன், இப்போது என்ன முடிவு செய்திருக்கிறேன் என்பதை முழுதாகச் சொல்கிறேன். நீ அவசரக்காரன், கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவாய். புரட்டாதே.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வயது வந்ததும் உப்பு லாரியில் ஏறினேன். உப்பு லாரிக்காரனுக்கு ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. உப்பளத்தில் வாரிக் குவித்ததை மூட்டை பிடித்து ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். போன ஊரில் குடோன்காரர் ஆள் அனுப்பி இறக்கும்வரை காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் வண்டி நிழலில் சீட்டாடினார்கள். நான் ஒரு முறை உட்கார்ந்தேன், தோற்றேன், எழுந்துவிட்டேன். தோற்பது எனக்குப் பிடிக்காது. அப்படிச் சும்மா நின்றிருந்த ஒரு நாள் பெங்களூர்ப் பக்கம் டீக்கடையில் ஒரு ஆள் என்னைக் கேட்டான்: “ஏம்பா, உப்புக்குப் போயி அந்தக் காலத்துல எதுக்கு அவ்ளோ பெரிய போராட்டம் பண்ணாங்க? கடலோரமாப் போனா அள்ளிக்கலாமே?” ஒரு லோடு உப்பைப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்கிறவன் நான். எனக்குப் பதில் தெரியவில்லை. அவனுக்கு முன்னால் தெரியாமல் நின்றதை என்னால் பொறுக்க முடியவில்லை. அடுத்த சென்னை லோடில் பழைய புத்தகக் கடைக்குப் போய், “உப்பு வரி பத்தி எதாச்சும் இருக்குதா?” என்று கேட்டேன். கடைக்காரன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அட்டை இல்லாத ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தான். நான் வாங்கிய முதல் புத்தகம் அது.

எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். புரியாத வார்த்தைக்கு அடியில் கோடு போட்டு வைத்து, அடுத்த ஊரில் படித்த முகமாகத் தெரிந்தவரிடம் கேட்டேன். சிலர் சொன்னார்கள், சிலர் சிரித்தார்கள், சிரித்தவர்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நம் கடற்கரையில் நம் வெயிலில் காய்ந்த உப்பை அனுமதி இல்லாமல் அள்ளுவது ஒரு காலத்தில் குற்றம் என்று அந்தப் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஒன்று இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது. கம்பெனி ஆட்சி, பஞ்சம், சுதந்திரம், நாடு பிரிந்தது என்று கிடைத்ததை எல்லாம் வாங்கினேன். வண்டியில் சாமி படத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில் புத்தகம் வைத்தேன். ஒரு குறை மட்டும் எனக்குத் தீரவே இல்லை. உப்பு பற்றி எழுதினவர்கள் எல்லாம் தண்டியைச் சொன்னார்கள், வேதாரண்யத்தைச் சொன்னார்கள். என் கைக்கு வந்த எந்தப் புத்தகத்திலும் மரக்காணம் இல்லை. எவ்வளவு உப்பு, எவ்வளவு வெயில், எவ்வளவு வெடித்த பாதம். ஒரு வரி இல்லை. கடைசியில் பேனாவை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் “மரக்காணமும் உண்டு” என்று நானே எழுதிவிட்டேன். எழுதியதும் மனசு ஆறியது. ஓரத்தில் எழுதும் பழக்கம் எனக்கு அப்படித்தான் வந்தது.

ராஜமாணிக்கத்தை எனக்குக் கொடுத்ததும் புத்தகம்தான். நம் ஊரிலிருந்து அவன் ஊருக்குப் போகும் சாலை உனக்குத் தெரியும். கனகசெட்டிக்குளத்தில் புதுச்சேரிக்குள் போவோம், காலாப்பட்டு தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வருவோம், பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் கடந்து முத்தியால்பேட்டையில் மறுபடியும் புதுச்சேரிக்குள் போவோம். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் பாகம் பிரித்தது அப்படி. சாலை ஓரத்துச் சோதனைச் சாவடியில் அவன் எழுத்தர். ஒரு நாள் வண்டிக் காகிதங்களை நீட்டுகிறேன் என்று நினைத்துப் புத்தகத்தையும் சேர்த்து நீட்டிவிட்டேன். “இன்னா டிரைவரே, பில்லு கேட்டா சரித்திரத்தைக் காட்றீங்க?” என்றான். “அதுவும் நம்ம சரக்கைப் பத்தினதுதாங்க” என்றேன். புரட்டினான். ஓரத்தில் நான் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தான். அது கேலிச் சிரிப்பு இல்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தும் அவன் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். அன்றே எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

பிடித்தது என்றால் தினம் சண்டை என்று அர்த்தம். அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். “எங்கப்பாவுக்கு அந்த ஊர்லருந்து பென்ஷன் வருது. உங்க இங்கிலீஷ்காரன் உங்களுக்கு ஒரு தபால் கார்டாவது போட்டானா?” என்பான். “உங்க பிரெஞ்சுக்காரன் உப்பு எடுக்குற உரிமையவே காசு வாங்கிட்டு இங்கிலீஷ்காரன் கையில குடுத்தவன். உப்பில்லாத ஆட்சிக்குப் பென்ஷன் வேற” என்பேன். “எங்களுக்கு ரெண்டு சுதந்திரம்பா. ஆகஸ்ட் பதினஞ்சுக்கு உங்களோட கொடியேத்துவோம். நவம்பர் ஒண்ணுக்கு நாங்களே ஏத்திக்குவோம். உங்களுக்கு ஒரே லீவு” என்பான். அவன் குடும்பத்தோடு நம் வீட்டுக்கு வருவான், நாம் அவன் வீட்டுக்குப் போவோம். நாங்கள் கத்துவதைப் பார்த்துவிட்டு நீயும் அவன் பெண் தேன்மொழியும் வாசலில் சாக்பீஸால் கோடு கிழித்து விளையாடுவீர்கள். அவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு உன்னிடம் பர்மிட் கேட்பாள். நீ வேப்பிலையைப் பிடுங்கிக் கொடுப்பாய். “இது செல்லாது, வண்டியைத் திருப்பு” என்பாள். அதே பெண்ணைச் சென்னையில் வேலைக்குப் போன இடத்தில் கண்டுபிடித்து, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று நீ வந்து நின்றபோது, ஒருவழியாக உன் பர்மிட் செல்லுபடியாகிவிட்டது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெளியே சொல்லவில்லை. அப்போது நான் கோபமாக இருக்க வேண்டியிருந்தது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவனோடு சிரித்துக்கொண்டே சண்டை போட என்னால் முடிந்ததில்லை. நாடு பிரிந்த கதையை எடுத்தால், “அது வடக்கத்திக்காரங்க கதைப்பா. நமக்கும் அதுக்கும் இன்னா?” என்று முடித்துவிடுவான். எனக்கும் அப்படி ஒரு நினைப்பு இருந்ததுதான். அதை மாற்றியவர் சென்னையில் ஒரு மளிகை மொத்த வியாபாரி, சேட்டு. நம் உப்பு அவர் குடோனுக்குப் போகும். ஒரு மத்தியானம் இறக்க ஆள் வரவில்லை. வாசலில் மூட்டைமேல் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். சேட்டு சிறு வயதிலேயே சென்னைக்கு வந்தவர், என்னைவிட நன்றாகச் சென்னைத் தமிழ் பேசுவார். “இன்னா டிரைவர், கல்யாணப் பத்திரிகை மாதிரி அவ்ளோ ஆசையா படிக்கிறே?” என்றார். “நாடு பிரிஞ்ச கதை, சேட்டு” என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். “சத்தமாப் படி.” படித்தேன். இறக்க ஆட்கள் வந்தார்களா என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “எங்க ஊர் வருதா பாரு. சிந்துல சிகார்பூர்” என்றார். பக்கம் பக்கமாகப் பார்த்தேன். லாகூர் இருந்தது, அமிர்தசரஸ் இருந்தது, கராச்சி, கல்கத்தா எல்லாம் இருந்தன. அது இல்லை. “இல்லீங்க சேட்டு” என்று சொல்லவே கஷ்டமாக இருந்தது. அதனால் என் மரக்காணம் கதையைச் சொன்னேன், நானே ஓரத்தில் எழுதிக்கொண்டதையும் சொன்னேன். சிரித்துவிட்டார். “பேனா குடு” என்று கை நீட்டினார். பக்கத்தின் ஓரத்தில் வலமிருந்து இடமாக அவருடைய சிந்தி எழுத்தில் எழுதினார். “இன்னா எழுதினீங்க?” என்றேன். “ஊர் பேரு. தெரு பேரு. எங்க வீட்டு வாசல்ல வேப்ப மரம் ஒண்ணு இருந்துச்சுன்னு. அப்புறம், நானும் அங்க இருந்தேன்னு.” பேனாவைக் கொடுத்துவிட்டு எழுந்து, “யோவ், யாருப்பா அங்க, மூட்டையை இறக்குங்க, டிரைவர் எவ்ளோ நேரமா நிக்கிறாரு” என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார். இறக்க ஆள் வந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. அவர்களும் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வாசலில் வேப்ப மரம் நம் வீட்டிலும் இருக்கிறது. அதற்கு மேல் அது யாருடைய கதை என்று நான் கேட்கவில்லை. ராஜமாணிக்கத்துக்கும் அது புரிய வேண்டும் என்று அந்தப் புத்தகத்தைத்தான் அவனிடம் இரவல் கொடுத்தேன். சேட்டு எழுதியதைக் காட்டி, என்னவென்றும் சொல்லிக் கொடுத்தேன். ரொம்ப நாள் வைத்திருந்தான். ஒரு நாள் மழையில் குடை பிடித்துக்கொண்டு வந்தான், புத்தகம் சட்டைக்குள் நனையாமல் இருந்தது. எடுத்தால், சிவப்புக் காலிகோ பைண்டிங், முதுகில் தங்க எழுத்து. “அட்டையெல்லாம் பிஞ்சு கிடந்துச்சில்ல? புதுப் பொண்ணு மாதிரி பண்ணிட்டு வந்திருக்கேன், பாரு” என்றான். பைண்டிங் கடையில் தைத்து, ஒட்டி, அட்டை போடுவதற்கு முன்னால் மூன்று பக்கமும் சமமாக இருப்பதற்காக ஓரத்தை வெட்டி எடுப்பார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. திறந்து பார்த்தேன். சேட்டின் எழுத்து வலப்பக்கம் ஆரம்பிக்கிற எழுத்து. வெட்டுப்பட்டதும் அந்தப் பக்கம்தான். ஒவ்வொரு வரிக்கும் தலை போயிருந்தது.

“இன்னாடா பண்ணி வெச்சிருக்கே?” என்றேன். அவனும் அப்போதுதான் பார்த்தான், முகம் மாறிவிட்டது. “பைண்டர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்பா.” “மறந்துட்டியா?” “ஓரம்தானே போச்சு. அச்சு அப்படியே இருக்குதுல்ல? ஒரு வரி போகலியே.” அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. “கோடு போட்டு நாட்டைப் பிரிச்சவனும் இப்புடித்தான்டா சொல்லியிருப்பான். ஓரம்தானே போச்சுன்னு” என்றேன். ராஜமாணிக்கம் குடையை மடக்கிக்கொண்டே நின்றான். “ஆசையா பண்ணிட்டு வந்தவனைப் பாத்து யாரோட சேக்குற நீ?” என்றான். “நீயே வெச்சுக்க அந்தப் புதுப் பொண்ணை. உன் வீட்டு வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேன்.” “மிதிக்காத. எல்லை எங்க இருக்குதுன்னு தெரியும்ல? அங்கயே நின்னுக்க.” புத்தகத்தை மறுபடி சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையில் போய்விட்டான், குடையை விரிக்கவே இல்லை. நீ அப்போது பிளஸ் டூ. உள்ளே கணக்கு போடுகிற மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். அவனை அப்படி ஒப்பிட்டது அதிகம் என்று உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். இன்றைக்கும் சொல்கிறாள். நான் அன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுக்கும்போதே விளக்கிச் சொன்ன விஷயத்தை மறந்தவன் அவன்.

அப்புறம் எத்தனையோ மாறிவிட்டது. அவன் ரிடையர் ஆனான், நான் லாரியை விட்டு இறங்கினேன். ஜி.எஸ்.டி. வந்தது, வண்டியை நிறுத்திக் காகிதம் கேட்ட சாவடிகளை எடுத்துவிட்டார்கள். “அரசாங்கமே சாவடியை எடுத்துருச்சு, உங்க ரெண்டு பேரு சாவடியை யாரு எடுக்கறது?” என்று உன் அம்மா கேட்பாள். நான் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொள்வேன். அந்த நேரங்களில் நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்பதை அவள் கண்டுபிடித்திருப்பாள்.

நான் உன் போனை வைத்த அந்த வாரமே தேன்மொழி நம் வீட்டுக்கு வந்தாள். உனக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னாள், அதனால் நீ இதை இங்கே படித்துத்தான் தெரிந்துகொள்கிறாய். ஸ்கூட்டரை வேப்ப மரத்தடியில் நிறுத்திவிட்டு நேராக உள்ளே வந்தாள். “இன்னா மாமா, எல்லையைத் தாண்டி வந்துட்டேன். பர்மிட் இல்லை” என்றாள். “உக்காரும்மா” என்றேன். அதைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று இருந்தேன். “புக்கை எடுத்துட்டு வரலாம்னுதான் பாத்தேன். அப்பா பீரோல பூட்டி வெச்சிருக்காரு. சாவி அரைஞாண் கயித்துல.” எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருக்காரு. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றாள். பெண்ணைப் பார், யார் வீட்டில் பிறந்து யார் மாதிரி பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது இதுதான். எங்கள் சண்டை முடிந்த மறு மாதமே ராஜமாணிக்கம் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போயிருக்கிறான். சேட்டைக் கண்டுபிடித்து, வெட்டுப்பட்ட இடத்தில் மறுபடி எழுதி வாங்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும் என்று. நான் எப்போதோ சொன்ன குடோன் பெயரை வைத்துக்கொண்டு தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறான். கடை இருந்தது. சேட்டு இல்லை, காலமாகிவிட்டார். பேரன் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியவில்லை. “அப்பா சிகார்பூர்னு சொன்னாராம். ‘அது எங்க இருக்குது அங்கிள்?’னு அந்தப் பையன் அப்பாவையே கேட்டானாம்” என்றாள் தேன்மொழி. “அப்பா அங்கயே உக்காந்து சாயங்காலம் வரைக்கும் அந்தப் புக்கைப் படிச்சுக் காட்டியிருக்காரு மாமா. உங்க தாத்தா ஊரு இது, இந்த ஓரத்துலதான் எழுதினாரு, வாசல்ல வேப்ப மரம் இருந்துச்சாம், அவரும் அங்க இருந்தாராம்னு. வடக்கத்திக்காரங்க கதைன்னு சொன்ன மனுஷன் மாமா. வடக்கத்திக்காரப் பையனுக்கே தமிழ்ல சொல்லிட்டு வந்திருக்காரு.”

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். தாகம் எதுவும் இல்லை. திரும்பி வந்து, “இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லலை?” என்று கேட்டேன். “நீங்க போனை எடுத்தீங்களா?” என்றாள். உன் அம்மா அடுப்படியில் சத்தமாகச் சிரித்தாள். அன்றைய குழம்பில் நடுத்துண்டு தேன்மொழிக்குப் போனது. எனக்குத் தலை வந்தது. வாலிலிருந்து அது முன்னேற்றம்தான்.

சாப்பிட்டு முடித்ததும் கல்யாணத் தேதியை எடுத்தாள். நிச்சயதார்த்தம் ஆனியில், அதில் யாருக்கும் தகராறு இல்லை. கல்யாணத்தைத்தான் நவம்பர் ஒன்றில் வைக்க வேண்டும் என்று அவள் அப்பா சொல்கிறாராம், முகூர்த்தமும் இருக்கிறதாம். புதுச்சேரிக்காரனுக்கு அன்றைக்கு விடுதலை நாள், லீவு. எனக்குப் பழைய ரத்தம் ஏறிவிட்டது. “முடியாது. என் புள்ளை கல்யாணம் ஆகஸ்ட் பதினஞ்சுலதான்” என்றேன். அவ்வளவு நாள் என்னோடு பேசாதிருந்த உன் அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். “ஆடி மாசத்துல எவன்யா கல்யாணம் வெப்பான்? ஊரு சிரிக்கும்.” “சுதந்திரமே ஆடியிலதான்டி வந்துச்சு” என்றேன். “அதான் இப்புடி இருக்குது” என்றாள்.

எத்தனையோ வரலாற்று நூல் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

இருந்தாலும் நான் அதற்காக விட்டுக்கொடுக்கவில்லை, இதை மலரில் போடுகிறவர்கள் ஒரு எழுத்து மாற்றாமல் போட வேண்டும். உன் அம்மா இன்னொன்றும் சொன்னாள். ஆகஸ்டில் அளத்தில் உப்பு வாருகிற வேலை மும்முரமாக இருக்கும். நம் ஆட்கள் யாரும் வர முடியாது, வந்தாலும் கால் புண்ணோடு வந்து தாலி கட்டியதும் ஓடுவார்கள். ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும், அளத்தில் வேலை இருக்காது, எல்லோரும் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். “மழை பெய்யுமே” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். “மாமா, குடை இருக்குது. அப்பாகிட்ட அன்னைக்கி விரிக்காத குடை ஒண்ணும் அப்படியே இருக்குது” என்றாள் தேன்மொழி. ஆகவே நவம்பர் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டேன். மரக்காணத்து உப்புக்காக ஒத்துக்கொண்டேன். பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய நாளுக்காக இல்லை. ராஜமாணிக்கம், இதை நீ படித்துக்கொண்டிருந்தால் இந்த இடத்தில் சிரிக்க வேண்டாம்.

உனக்கு நான் புத்திமதி என்று நிறையச் சொன்னதில்லை, சொன்னாலும் நீ கேட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய், அதனால் என் புத்தகங்களிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். நாடு பிரிந்த கதை படிக்கும்போது பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிற பக்கங்களைச் சீக்கிரம் புரட்டிவிடு. சட்டி பானையோடு நடந்து போனவர்களின் பக்கம் வரும்போது மெதுவாகப் படி. பெரியவர்கள் பேசியது எல்லாப் புத்தகத்திலும் ஒரே மாதிரி இருக்கும், நடந்தவர்கள் ஒவ்வொருவரும் வேறு வேறு வழியில் நடந்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். தேன்மொழி உன் வீட்டுக்கு வெறும் ஆளாக வரப் போவதில்லை. அவள் அப்பாவின் பிடிவாதம், தாத்தாவின் பட்டாளம், அவர்கள் ஊர் லீவு நாள், எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதிக்கொண்டுதான் வருவாள். உனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாமல் போகலாம். பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று ஆசையோடுகூட அதில் கத்தியை வைக்காதே. முக்கியமானது அப்படியே இருக்கிறதே என்று அவளிடம் ஒரு நாளும் சொல்லாதே. எது முக்கியம் என்று அவள் சொல்லட்டும். ஒரே வார்த்தையில் பதில் சொல் என்று யாரையும் கேட்காதே, பொண்டாட்டியைக் கண்டிப்பாகக் கேட்காதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். மலர் ஆனிக்கு முன்னால் வந்துவிடும், அதுவரை பொறுக்க முடியாவிட்டால் உன் அம்மாவைக் கேள், அவள் இதைக் கையெழுத்துப் பிரதியிலேயே படித்துவிட்டாள், ‘பொண்டாட்டியை’ என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறாள். ராஜமாணிக்கத்திடம் மன்னிப்பு கேட்க மாட்டேன், அவனும் கேட்க வேண்டாம். பைண்டரிடம் சொல்ல மறந்தது தப்பு என்றுதான் அவன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தும் சொல்வேன். பாதி வெட்டுப்பட்ட எழுத்தோடு அவன் சென்னைக்குப் போனதையும் சொல்வேன். பீரோவைத் திறந்து வைக்கச் சொல், அந்தப் பக்கத்தை நான் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

சம்பந்திக்குப் பழத்தட்டு, வேட்டி எல்லாம் உன் அம்மா எடுத்து வைத்துவிட்டாள். என் பங்குக்கு உப்புப் புத்தகத்தைக் கொண்டு வருகிறேன், “மரக்காணமும் உண்டு” என்று எழுதியது. அவனுக்குப் பரிசாகக் கொடுக்கவில்லை, இரவல்தான். பரிசு கொடுத்தால் அவன் பீரோவில் போய்ப் பூட்டிக்கொள்ளும். இரவல் வாங்கினவன் திருப்பிக் கொடுக்க மரக்காணத்துக்கு வந்தே தீர வேண்டும், வந்தால் சாப்பிடாமல் போக முடியாது, சாப்பிட்டால் சண்டை போடாமல் போக முடியாது. நீயே அவன் கையில் கொடு. ரொம்பப் பழைய புத்தகம், முதலிலிருந்தே அட்டை கிடையாது, ஓரமெல்லாம் பிசிறாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று சொல்.